‘லக்கி’ என்று சொன்ன வாய்

அபூர்வக் காசு சேர்க்கும் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

போன மாதக் கூட்டத்துக்கு என்னைக் கூப்பிட்டுச் சால்வை போர்த்தினீர்கள். பிறகு, "அன்றாடச் சில்லறையில் பிழைக்காசு கண்டுபிடிப்பது எப்படி என்று நாலு பக்கம் எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டீர்கள். சால்வை நன்றாக இருந்தது. ஆனால் நீங்கள் கேட்ட தலைப்பில் எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. அச்சு நழுவியிருக்கிறதா, படம் திரும்பியிருக்கிறதா, எடை குறைகிறதா என்பதையெல்லாம் உங்கள் கைப்பேசி என் கண்ணைவிட நன்றாகப் பார்க்கிறது. பூதக்கண்ணாடியை எப்படிப் பிடிப்பது என்று நான் சொல்ல ஆரம்பித்தால், நீங்கள் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சிரிப்பீர்கள்.

அதனால் வாயைப் பற்றி எழுதுகிறேன். தெப்பக்குளம் பக்கம் இருபத்தெட்டு வருஷம் பழைய காசுக் கடை வைத்திருந்தேன். கண் தவறி நான் இழந்த காசுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். வாய் தவறி இழந்ததற்குக் கணக்கே கிடையாது.

கடைக்குள் நுழைகிறவர்கள் முதலில் கேட்பது, "ஐயா இல்லையா?" என்பதுதான். "நான்தான் ஐயா, உட்காருங்க" என்பேன். இது ஒரு நாளைக்கு நாலு தடவை நடக்கும். வந்தவர்களில் பாதிப்பேர் கைப்பேசியில் ஏதோ வீடியோவைப் பார்த்துவிட்டு, சாமி படம் போட்ட அஞ்சு ரூபாயை லட்ச ரூபாய்க்கு விற்க வந்தவர்களாக இருப்பார்கள். அதை அவர்களிடம் எப்படிச் சொல்வது என்பதிலேயே என் பாதி ஆயுள் போய்விட்டது. மெதுவாகச் சொன்னால் நம்பமாட்டார்கள். பட்டென்று சொன்னால் நான் ஏமாற்றுகிறேன் என்பார்கள். நான் பட்டென்று சொல்கிற ஆள். அப்படிப் பிறந்துவிட்டேன், என்ன செய்வது?

முதலில் ஒரு சின்ன அசட்டுத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். துறையூரிலிருந்து ஒரு விவசாயி வந்தார். வேட்டி மடிப்பிலிருந்து ஒரு பழைய பித்தளை இருபது பைசாவை எடுத்து வைத்தார். அச்சு பாதி நழுவி, காசின் ஒரு ஓரம் வெறும் தகடாக இருந்தது. அருமையான காசு. ஆனால் அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டது, வெளியே மழை இருட்டு. "நாளைக்குக் கொண்டு வாங்கண்ணே, நல்ல வெளிச்சத்துல பாக்கணும். பளிச்சுன்னு தெரியணும்" என்று சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் அண்ணன் வந்தார். காசு பளிச்சென்றுதான் இருந்தது. வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். அரை நூற்றாண்டாகக் காசின் மேல் படிந்திருந்த அந்த நிறம் போய், கல்யாண வீட்டுக் குத்துவிளக்கு மாதிரி மின்னியது. தேய்த்த காசைச் சேகரிப்பவர்கள் தொடமாட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அவருக்கு எப்படித் தெரியும்? நான் கத்தினேன். அவர் நிதானமாக, "நீங்கதானம்மா பளிச்சுன்னு தெரியணும்னு சொன்னீங்க?" என்றார். அன்றிலிருந்து யார் வந்தாலும் "வாங்க" என்பதற்கு அடுத்த வார்த்தையாக "கழுவாதீங்க" என்று சொல்லப் பழகினேன். சிலர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்ததுண்டு.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கடையை மூடுவதற்கு இரண்டு வருஷம் முன்னால், ஒரு ஆனி மாதத்து மத்தியானம். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா வாசலில் தயங்கி நின்றார். வலது கையால் முந்தானையை வாய்க்கு நேராகப் பிடித்திருந்தார். உட்காரச் சொன்னேன். உட்கார்ந்த பிறகும் கையை எடுக்கவில்லை.

பெயர் பரிமளா. ஸ்ரீரங்கம் கோயில் வாசலில் செருப்பு பார்த்துக்கொள்கிறவர். போன வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில் யாருடைய முழங்கையோ இடித்து முன்பல் மூன்று போய்விட்டது. அன்று தெப்பக்குளத்துப் பக்கம் ஒரு பல் டாக்டரிடம் விலை கேட்க வந்திருக்கிறார். டாக்டர் சொன்ன தொகையைக் கேட்டு மனசு விட்டுப்போய், எதிரே டீ குடிக்கப் போனார். டீக்கு நீட்டிய காசில் ஒன்றை டீக்கடைக்காரர் திருப்பிக் கொடுத்து, "இது செல்லாதுக்கா. வேணும்னா அந்தப் பழைய காசுக் கடையில கேட்டுப் பாருங்க" என்று கையைக் காட்டிவிட்டார். இத்தனையும் அவர் சொல்ல அஞ்சு நிமிஷம் ஆனது, முந்தானை வழியாக வந்த பேச்சாகையால்.

"பையனுக்கு ஆவணியில கல்யாணம்மா" என்றார். "பல்லு கட்டாம மேடையில நின்னா போட்டோவுல எப்படி இருக்கும்? பொண்ணு வீட்டுக்காரங்க வந்தப்பவே நான் வாயத் தொறக்கல. மாமியார் ஊமை போலிருக்குன்னு பேசிக்கிட்டாங்களாம்."

சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. அவருக்கும் வந்தது. ஆனால் அவர் சிரித்தது கண்ணில் மட்டும்தான் தெரிந்தது.

"சரி, அந்தக் காசக் காட்டுங்க. கழுவாதீங்க" என்றேன்.

"கழுவலைம்மா. எவனோ கூட்டத்துல என் தலையில கட்டிட்டுப் போயிட்டான். எத்தனை ரூபான்னே இதுல இல்ல. ரெண்டு பக்கமும் சிங்கமா இருக்கு. அஞ்சு ரூபா சைஸா இருக்கேன்னு வாங்கிப் போட்டுட்டேன். நீங்க அஞ்சு ரூபாயா மாத்திக் கொடுத்தாப் போதும்."

காசை வாங்கிப் பார்த்தேன். ஒரு பக்கம் சிங்க முகங்கள் மேடாக இருந்தன. திருப்பினால் அதே சிங்கங்கள் பள்ளமாக, கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறி இருந்தன. அடித்த காசு ஒன்று அச்சிலேயே ஒட்டிக்கொண்டு, அடுத்து வந்த தகட்டில் தன் முகத்தையே பதித்துவிட்டுப் போனதால் வருகிற பிழை. நம் தொழிலில் இதற்கு லக்கி என்று பெயர். ஏன் அந்தப் பெயர் என்று ஆளுக்கொரு கதை சொல்வார்கள். கூர்மை மங்காத அப்படி ஒரு லக்கி, அதுவும் நம் காலத்து அஞ்சு ரூபாயில், என் கடைக்கு வந்ததே இல்லை.

இங்கே ஒரு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். ஒரு விநாடி, சரி, இரண்டு விநாடி, கல்லாவிலிருந்து அஞ்சு ரூபாயை எடுத்து நீட்டிவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. அவரே கேட்டதுதானே? தொழிலின் ஆரம்பத்தில் அப்படி நான் செய்ததுண்டு. காந்தி மார்க்கெட்டில் ஒரு எலுமிச்சம்பழக்காரரைப் பார்த்தால் இன்றும் நான் அடுத்த சந்தில் திரும்பிவிடுவேன். அவருக்கு ஒன்றும் தெரியாது. பார்த்தால் கையைத் தூக்கி வணக்கம் வேறு சொல்வார். அதுதான் தாங்க முடியாது.

எனவே அஞ்சு ரூபாயை எடுக்கவில்லை. அதுவரை சரி. ஆனால் அந்தச் சபலத்தைத் தள்ளிய வேகத்தில் வாய் முந்திக்கொண்டது.

"அடேங்கப்பா! இது லக்கிங்க! லக்கி!"

அதே நேரம் பார்த்துப் போன் அடித்தது. சென்னையில் ஒரு பெரிய வாடிக்கையாளர். நாலு நாளாக ஒரு சாதாரணக் காசுக்கு விலை குறைக்கச் சொல்லி உயிரை வாங்கிக்கொண்டிருந்தார். காசைப் பரிமளா கையில் கொடுத்து, "ஒரு நிமிஷம்" என்று சைகை காட்டிவிட்டு, போனோடு திரும்பித் தராசை எடுக்கக் குனிந்தேன். பின்னால் பரிமளா ஏதோ சொன்னது காதில் விழுந்தது. நானும் "ம், ம்" என்றேன். போனை வைத்துத் திரும்பினால் நாற்காலி காலி.

அப்போதுதான் காதில் விழுந்தது மண்டையில் ஏறியது. அவர் சொன்னது இதுதான்: "நீங்களே லக்கின்னு சொல்லிட்டீங்கம்மா. பெருமாள் வாசல்ல கெடச்ச லக்கிய வித்தா இருக்கற லக்கும் போயிடும். அவருக்கே போட்டுட்டு, பல்ல அவர்கிட்டயே கேட்டுக்கறேன்." அதற்குத்தான் நான் "ம், ம்" என்று தலையாட்டி அனுப்பியிருக்கிறேன்.

உண்டியலில் விழுந்தால் அந்தக் காசு போனதுதான். அந்தக் காசு போனால் ஆவணியில் அந்த அம்மா மேடையில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நிற்பார், காரணம் நானாக இருப்பேன். நான் போனில் பேசி மிச்சப்படுத்தியது முந்நூறு ரூபாய். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஆட்டோவில் ஏறினேன். காவேரிப் பாலத்தில் வழக்கம்போல வண்டிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. முன்னால் நின்ற ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் அவர் இருக்கிறாரா என்று எட்டி எட்டிப் பார்த்தேன். "என்னம்மா, யாராச்சும் காச எடுத்துட்டு ஓடிட்டாங்களா?" என்றார் ஆட்டோக்காரர். "அவங்க காச அவங்களே எடுத்துட்டுப் போயிட்டாங்க" என்றேன். அவர் கண்ணாடியில் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு ஹாரனை அடித்தார்.

கோயில் வாசலில் பரிமளாவின் இடத்தில் அவர் இல்லை. பக்கத்தில் துளசி மாலை விற்கிறவர் அவருக்குப் பதிலாகச் செருப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பரிமளா அக்காவா? இப்பத்தான் உள்ள போச்சு. லக்கி அடிச்சிருச்சு லக்கி அடிச்சிருச்சுன்னு சொல்லிக்கிட்டே போச்சு" என்றார். என் செருப்பையும் வாங்கிக்கொண்டு டோக்கன் கொடுத்தார். அந்த அவசரத்திலும் டோக்கன்!

இப்போதுதான் நான் பதறாமல் யோசித்தேன். பிள்ளைகளே, அந்த நாளில் நான் உருப்படியாகச் செய்தது இது ஒன்றுதான், அதனால் கொஞ்சம் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன். அவ்வளவு பெரிய கோயிலில் எத்தனை உண்டியல் என்று எனக்குத் தெரியாது. கால்கள் கூட்டத்தோடு பெரிய சந்நிதிப் பக்கம் ஓடப் பார்த்தன. நிறுத்திக்கொண்டேன். அங்கே தர்ம தரிசன வரிசை ஒரு மணி நேரத்துக்கு நீண்டு கிடந்தது. அந்த வரிசையில் நின்றால் அவர் எங்கும் போய்விடமாட்டார், பிறகு வந்து பிடித்துக்கொள்ளலாம். கூட்டம் இல்லாத சந்நிதிக்குப் போயிருந்தால்தான் ஆபத்து. பல் வேண்டும் என்று கேட்கப் போகிறவர் எந்தச் சந்நிதிக்குப் போவார்? வைத்தியத்துக்கென்றே ஒருவர் உள்ளே இருக்கிறாரே. தன்வந்திரி சந்நிதிக்கு ஓடினேன். அறுபது வயதில் ஓட்டம் என்று சொல்லிக்கொள்வதுதான், எல்லோரும் என்னைத் தாண்டித்தான் போனார்கள்.

சந்நிதிக்குப் போகிற வழியில் ஒரு குழாயடி. அங்கே ஒரு பெண்மணி பித்தளை விளக்குகளைக் குவித்து வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் பரிமளா குந்தி உட்கார்ந்திருந்தார். ஒரு கையில் காசு. மறு கையில், அந்தப் பெண்மணியிடம் கேட்டு வாங்கிய ஒரு உருண்டைப் புளி. பெருமாளுக்குப் போடுகிற காசை அழுக்காகவா போடுவார்கள்?

வயிற்றில் புளியைக் கரைத்தது என்று ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். அன்றுதான் அது என்னவென்று தெரிந்தது.

"கழுவாதீங்க!" என்று கத்தினேன்.

பிராகாரமே திரும்பிப் பார்த்தது. விளக்கு தேய்த்த பெண்மணி கையிலிருந்த விளக்கைப் போட்டுவிட்டார். வேறு யாரோ குழாயில் கால் கழுவ வந்தவர் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார். சந்நிதிக்குள்ளிருந்து பட்டர் எட்டிப் பார்த்து, "ஏம்மா, ஸேவிக்க வந்தேளா, சண்டை போட வந்தேளா? தீர்த்தம் சாதிக்கற எடத்துல இப்படியா கூப்பாடு போடறது?" என்றார். அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு பரிமளா பக்கத்தில் போய் விழுந்தேன். உட்கார்ந்தேன் என்று எழுதினால் பொய்.

மூச்சு வந்ததும் சொன்னேன். லக்கி என்றால் அதிர்ஷ்டம் இல்லை, எங்கள் தொழிலில் அப்படிப்பட்ட பிழைக்கு வைத்த பெயர், இதை வாங்க ஆள் இருக்கிறது, பல் கட்டிக்கொள்ளலாம் என்றெல்லாம். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

"பெருமாளுக்குன்னு மனசுல நினைச்சுட்டேன்மா. நினைச்சாலே கொடுத்த மாதிரிதான். இனிமே அது என்னுது இல்ல."

சாமியோடு விலை பேசி எனக்குப் பழக்கமில்லை. ஏதாவது சாஸ்திரம் பேசி ஏமாற்றி வாங்கிவிடலாம் என்றும் தோன்றியது. எலுமிச்சம்பழக்காரர் ஞாபகத்துக்கு வந்தார். ஆகவே எனக்குத் தெரிந்த காசு விஷயத்தை மட்டும் சொன்னேன்.

"உங்க இஷ்டம்தான். ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கிட்டுப் போடுங்க. இதுல எத்தனை ரூபான்னு இல்ல. உண்டியல் எண்ணுறப்ப, டீக்கடைக்காரர் சொன்னதத்தான் அவங்களும் சொல்லுவாங்க. செல்லாதுன்னு ஒதுக்கி வைப்பாங்க."

பரிமளாவின் முகம் மாறியது. "செல்லாக்காசா? பெருமாளுக்கா?" கையில் இருந்ததை ஏதோ சுட்டதுபோல் பார்த்தார். "எவனோ ஒருத்தன் கூட்டத்துல என் தலையில கட்டினதுக்கு அவனை வழியெல்லாம் வஞ்சேன்மா. அதையே நான் அவருக்குச் செய்யப் பார்த்தேனா?"

புளியைத் திருப்பிக் கொடுத்தார். சந்நிதியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு தனக்குத் தானே ஏதோ பேசி முடித்தவர்போல, "செல்லற காசா மாத்தி, அதுல அவருக்கு உண்டானதைப் போட்டுடறேன். அதுதான் மரியாதை" என்றார். பட்டர் உள்ளிருந்தபடியே, "பேஷ்" என்றார். அவ்வளவு நேரமும் அவர் காதைத் தீட்டிக்கொண்டிருந்தது அப்போதுதான் தெரிந்தது.

"சரி, எவ்வளவு தருவீங்க?" என்றார் பரிமளா.

"ஐயாயிரம்."

முந்தானைக்கு மேலே கண் சுருங்கியது. "தெப்பக்குளத்துலேர்ந்து ஆட்டோ வச்சு, கடைய மூடிட்டு, இந்த வயசுல இப்படி மூச்சு இரைக்க ஓடி வந்திருக்கீங்க. ஐயாயிரத்துக்கா ஓடி வந்தீங்க?"

வாழ்நாள் முழுக்க விலை பேசிப் பிழைத்தவள் நான். ஓடி வந்த மூச்சே என் விலையை அவரிடம் சொல்லிவிட்டது. காசு பிடித்துவிட்டால் முகத்தில் காட்டாதீர்கள் என்று உங்களுக்கு எல்லோரும் சொல்வார்கள். மூச்சிலும் காட்டாதீர்கள் என்று நான் சேர்த்துக்கொள்கிறேன். கடைசியில் எட்டாயிரம் என்று முடிந்தது. நியாயமான விலைதான், என் லாபம்தான் ஆட்டோ கூலிக்குக் கொஞ்சம் மேலே நின்றது. பின்னால் அதே சென்னை ஆசாமிதான் வாங்கினார், ஒரு ரூபாய் குறைக்காமல். அந்தப் போனுக்கு அது அபராதம் என்று வைத்துக்கொண்டேன்.

எழுந்திருக்கும்போது பரிமளா கேட்டார்: "ஏம்மா, தப்பா அடிச்ச காசுக்கு எவனாவது லக்கின்னு பேரு வப்பானா?"

"லக்கின்னு கேட்டவுடனே எவளாவது வித்துத் தின்னாம சாமிக்கு எடுத்துட்டு ஓடுவாளா?" என்றேன்.

அவருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. முந்தானை நழுவியது. மூன்று பல் இல்லாத அந்த வாய் முழுக்கத் திறந்து, பிராகாரம் எதிரொலிக்கச் சிரித்தார். அவ்வளவு நல்ல சிரிப்பை இத்தனை மாதம் துணிக்குள் வைத்திருந்தாரே என்று எனக்குப் பொறுக்கவில்லை. கண் கலங்கிவிட்டது, அதை மறைக்கவும் தெரியவில்லை.

இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியதை நீங்களே எடுத்துக்கொள்வீர்கள். ஒன்றை மட்டும் நான் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் போர்த்திய சால்வைக்குத் துரோகம். நமக்குள் பேசுகிற வார்த்தையை நமக்குள் வைத்துக்கொள்ளுங்கள். காசு கொண்டுவந்தவர் எதிரே இருக்கும்போது, அவர் சமையலறையில் பேசுகிற தமிழில் பேசுங்கள். அவர் என்ன புரிந்துகொண்டார் என்று கேளுங்கள். போன் அடித்தால் அடிக்கட்டும்.

ஆவணியில் கல்யாணத்துக்குப் போனேன். பெண் ஊர் திருவெள்ளறைப் பக்கம், மண்டபமும் அங்கேதான். மேடை ஏறி, ஒற்றை ரூபாய் ஒட்டிய மொய்க்கவரைப் பையன் கையில் கொடுத்தேன். பக்கத்தில் பட்டுப்புடவையில் நின்ற பரிமளா அதை வெடுக்கென்று வாங்கி, மேலே ஒட்டியிருந்த அந்த ஒரு ரூபாயை நகத்தால் பெயர்க்கப் பார்த்தார். பெண் வீட்டார் திகைத்துப் பார்த்தார்கள்.

"என்ன பண்றீங்க?" என்றேன்.

"பின்னாடியும் சிங்கமான்னு பாக்கறேன். இதுவும் லக்கியா?"

"இல்ல. சாதா ஒரு ரூபா."

"அப்பாடா! அப்ப செல்லும்!"

போட்டோகிராபர் அந்த நேரம் பார்த்து எடுத்துவிட்டார். அந்தப் படத்தின் பிரதி ஒன்றை எனக்கும் அனுப்பினார்கள், வீட்டுக்கு வந்தால் காட்டுகிறேன். பரிமளா முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பது நான்.